உப்புப் பார்க்கும் பதவி

பிப்ரவரி 16, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது! ஆற்றுக்கு அந்தப் பக்கம், தன்லியினில் ஒரு தையல் ஆலையில் மேற்பார்வை வேலை. மார்ச் இரண்டாம் தேதி சேர வேண்டும். செய்தி வந்ததும் அடுப்பங்கரையிலேயே ஒரு சுற்று ஆடினேன். சின்னவன் பர்கத்துல்லா பயந்துபோய் அழுதுவிட்டான்.

ஆனால் நோன்பு வருகிறதே? வேலை முடிந்து, பாலம் தாண்டி, தாகேதாவில் வீடு வந்து சேர ஏழு மணி ஆகும். நோன்பு திறப்பது ஆறேகாலுக்கு. கஞ்சி யார் காய்ச்சுவது?

"புள்ளைங்க காய்ச்சுவாங்க" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

பிள்ளைகளின் வாப்பா, என் மச்சான், சிரித்தார். "பாப்போம் புள்ள. நோன்பு தொறக்கிற நேரத்துல என் புள்ளைங்க வெறும் தண்ணியக் குடிச்சிட்டு உக்காந்திருந்தா, வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

நீங்க காய்ச்சினா என்ன என்று கேட்டிருக்கலாம். போட்டாதாங்கில் கயிற்றுக்கடை வைத்திருக்கிற மனிதருக்கு வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 19, வியாழன்

முதல் நோன்பு. மூத்தவள் ஸமீராவுக்குப் பதினாலு வயது, கத்தியும் கரி அடுப்பும் அவளுக்கு. சைதாவுக்கு ஒன்பது, அரிசி பருப்பு களைவதும் தேங்காய்ப்பால் பிழிவதும் அவள் பாடு. பர்கத்துக்கு ஐந்து. பூண்டு உரிக்கலாம், புதினா ஆயலாம். கூடவே பெரிய பதவி ஒன்று — உப்புப் பார்ப்பது! நாங்கள் நாலு பேரும் நோன்பு, எதையும் நாக்கில் வைக்கமாட்டோம். நோன்பு இல்லாத நாக்கு வீட்டில் அவனுடையது மட்டும்தான். துரைக்குத் தலைகால் புரியவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

பத்துப் பல் பூண்டு உரிக்க ஒரு மணி நேரம். எனக்குக் கை துறுதுறுவென்றது. பிடுங்காமல் இருந்தேன். பொறுமைக்கும் நன்மை எழுதுவார்கள் அல்லவா?

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்று நான் அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை! மூன்று மணிக்கே கரண்ட் போயிற்று, மிக்சி இல்லை. ஸமீரா இஞ்சியை உரலில் போட்டு இடித்தாள், சைதா தேங்காயைத் துருவி எடுத்தாள். கரண்ட் வந்துவிட்டதென்று தெருவே பர்மியில் "மீ லாபி!" என்று கத்தியபோது கஞ்சியை இறக்கியே விட்டார்கள். என் பிள்ளைகளா இவர்கள்?

பிப்ரவரி 25, புதன்

ஐயோ, கஞ்சியா அது! வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு உப்பு. மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைக் கோணினார். "இதுக்குத்தான் சொன்னேன்."

ஸமீரா உப்புப் போட்டிருக்கிறாள். லாத்தா மறந்துவிட்டாள் என்று சைதாவும் போட்டிருக்கிறாள். சரி, உப்புப் பார்க்கிறவர் என்ன செய்தார்? "கௌண்டே" என்று பர்மியில் சொல்லியிருக்கிறார். நல்லாயிருக்கிறதாம்!

கோபத்தில் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "உண்மையச் சொல்லுடா. குடிச்சுப் பாத்தியா இல்லியா?"

உதடு பிதுங்கியது. "பாக்கல உம்மா. கரண்டிய வாய்க்கிட்ட மட்டும்தான் வச்சேன். நானும் நோன்பு."

காலையிலிருந்து! மத்தியானச் சோற்றைப் பூனைக்கு வைத்துவிட்டு, யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இழுத்துக் கட்டிக்கொண்டேன். மச்சான் பேரீச்சம்பழத்தை அவன் வாயில் ஊட்டினார்.

அப்புறம், "வேலை விஷயத்த நீ இன்னொரு தடவை யோசி" என்றார். இன்னும் ஐந்தே நாள். விடமாட்டேன்.

பிப்ரவரி 26, வியாழன்

புதுச் சட்டம். உப்பு ஸமீரா கை மட்டும். பர்கத்துக்கு அரை நோன்பு, மத்தியான லுஹர் பாங்கு வரைக்கும். அதற்கப்புறம் அவன் நாக்கு கஞ்சிக்கு.

"ரெண்டு அரை சேந்தா ஒண்ணா உம்மா?"

"ஆமாண்டா ராசா."

மார்ச் 1, ஞாயிறு

மூன்று நாளாக உப்பு கச்சிதம். கண்ணுபடக் கூடாது. நாளைக்கு நான் இல்லாமல்... யா அல்லாஹ், நீயே பார்த்துக்கொள்.

மார்ச் 2, திங்கள்

முதல் நாள். நின்று நின்று கால் ஒடிந்தது, ஆனால் எவ்வளவு சந்தோஷம்! வரும்போது பஸ் பாலத்தில் மாட்டிக்கொண்டது. பையிலிருந்த பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் வைத்து நோன்பு திறந்தேன். ஸமீராவுக்கு மூன்று தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. பிள்ளைகள் வெறும் தண்ணியோடு உட்கார்ந்திருக்கிறார்களோ?

ஏழேகாலுக்கு வீட்டுக்குள் நுழைந்தால், மூன்று பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மச்சான் முதுகைக் காட்டிக்கொண்டு கஞ்சிச் சட்டியைக் கழுவுகிறார். சட்டியை! இவர்!

"எனக்குக் கஞ்சி எங்கே?"

"உங்களுக்குத் தனியா எடுத்து மூடி வச்சிருந்தோம் உம்மா" என்றாள் சைதா. "வாப்பாதான்..."

"ஒரு வாய்தான் குடிச்சுப் பாத்தேன் புள்ள" என்றார் மச்சான், திரும்பாமலே. "அப்புறம் நிறுத்த முடியல."

ஸமீரா எனக்கு முட்டை பொரித்துத் தந்தாள். நாளைக்குக் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.