அக்காவின் பையோடு கார் வாங்கப் போனேன்

அன்புள்ள அக்கா,

கார் வாங்கிவிட்டேன். முன்னுரை இல்லாமல் நான் எதையும் சொல்வதில்லை என்பது உங்கள் நெடுநாள் புகார். "மொதல்ல தீர்ப்பச் சொல்லு தம்பி, வழக்கப் பொறகு கேட்டுக்கிறேன்" என்பீர்கள். ஆகவே தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டேன். வெள்ளை நிறம், ஜப்பானில் செய்தது, நான்கு கதவுகள். வாசலில் நிற்கிறது. அதில் ஏறி உட்கார்ந்து, இருக்கையைத் தட்டிப் பார்த்து, குறை சொல்லத்தான் ஆள் இல்லை.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. உங்களுக்கு எழுத்து தெரியாது. வந்த கடிதங்களையெல்லாம் நான்தான் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். இதையும் நானே வாசித்துக் காட்ட வழியில்லை. அச்சில் வந்தால், இந்த மலையில் ஏதாவது ஒரு தோட்டத்து லயத்து வீட்டில், எழுத்து தெரிந்த ஒருவர் தெரியாத ஒருவருக்கு இதை உரக்கப் படிப்பார். அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்கும் என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. கேட்காது என்பதற்கும் இல்லை.

உங்களைத் தெரியாத வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபத்தைந்து வருடங்கள் கொழுந்து பறித்தீர்கள். நான் சட்டத்தரணியாகி ஹட்டனில் வீடு எடுத்தபோது, கூடையைக் கழற்றி வைத்துவிட்டு என்னோடு வந்தீர்கள். நானும் மணம் முடிக்கவில்லை, நீங்களும் முடிக்கவில்லை. பாண் ரொட்டிக்கு விடியற்காலையில் வரிசையில் நின்ற அந்த எழுபதுகளில், என் சம்பாத்தியத்தில் இந்த வீடு நடந்தது என்று ஊர் நினைத்தது. உங்கள் பேரத்தில் நடந்தது என்பது சந்தையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் என்னை விட்டுப் போன மழைக்காலம் முடிவதற்குள் எனக்கு நெஞ்சில் சளி கட்டியது. காலைப் பனியில் பஸ்ஸுக்கு நிற்கக் கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நுவரெலியா நீதிமன்றத்துக்கு வாரத்தில் மூன்று நாட்கள் பஸ்ஸில் போகாமல் என் தொழில் நடக்காது. அந்த நேரம் பார்த்து, என்னோடு சட்டம் படித்த கண்டி நண்பர் கடிதம் எழுதினார். தன் அலுவலகத்தில் ஒரு மேசையும் வீட்டில் ஓர் அறையும் தருவதாகவும், மாத முடிவுக்குள் பதில் வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

ஆக, என் முன்னால் இரண்டே வழிகள் இருந்தன. கார் வாங்க வேண்டும், அல்லது ஹட்டனை விட்டுப் போக வேண்டும். போனால், பிரஜாவுரிமைப் பத்திரங்களைத் துணியில் முடிந்துகொண்டு நம் வாசலில் வந்து உட்காரும் சனங்கள் யாரிடம் போவார்கள்? மாதா கோயிலுக்கு மேலே, அந்தச் சரிவில், உங்கள் சிலுவையைச் சுற்றி முளைக்கும் புல்லை யார் பிடுங்குவார்கள்? கையில் இருந்தது ஒரே ஒரு தொகை. கடன் வாங்கும் துணிவு எனக்கு என்றுமே இருந்ததில்லை. அந்தத் தொகைக்குள் கார் கிடைக்க வேண்டும்.

"நீ தனியாக் கார் வாங்கப் போனா, கறுப்புக் கோட்டையும் கழட்டிக்கிட்டுத்தான் அனுப்புவானுங்க" என்று நீங்கள் சொன்னது நினைவிருந்தது. எனவே மிகவும் எச்சரிக்கையாக இருந்தேன். அந்த எச்சரிக்கையில்தான் பிழை செய்தேன்.

கண்டியில் ஒரு கடை, கொழும்பில் ஒரு கடை. இரண்டுக்கும் முறைப்படி கடிதம் தட்டச்சிட்டு அனுப்பினேன். என்னால் கொடுக்கக்கூடிய உச்சத் தொகையை அப்படியே குறிப்பிட்டேன். தலைப்பில் 'உரிமைக்குப் பங்கமின்றி' என்று போட்டேன். எங்கள் தொழிலில் அப்படிப் போட்டு எழுதும் சமரசக் கடிதத்தை எதிர்த்தரப்பு நமக்கெதிராகப் பயன்படுத்த முடியாது. அதிலுள்ள தொகையை நீதிபதியிடம் காட்டவும் முடியாது. கார்க் கடையில் நீதிபதி ஒருவரும் இல்லை என்பது தபாலில் போட்ட பிறகும் எனக்கு உறைக்கவில்லை. சந்தையில் போஞ்சிக்காய் வாங்கப் போகுமுன் மடியில் இருப்பதையெல்லாம் அவிழ்த்துக் கடைக்காரனிடம் எண்ணிக் காட்டியதற்குச் சமம் அது. நீங்கள் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பிறகு அடுப்பில் போட்டிருப்பீர்கள்.

கண்டிக் கடையில் சுந்தரம் என்று ஒரு விற்பனையாளர். முப்பது வயதிருக்கும், மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவராம். என் கடிதத்தைக் கோப்பில் வைத்திருந்தார்.

"வாங்க சேர், ஒக்காருங்க. நீங்க எழுதுன வெலைக்கே தாறோம். மொதலாளி ஒரு வார்த்தை மறுத்துப் பேசல."

எனக்குப் பெருமையாக இருந்தது, அக்கா. தேநீர் வந்தது. அதைக் குடித்து முடித்த பிறகுதான் இன்னொரு தாளை நீட்டினார். அந்தத் தொகை வெறும் காருக்கு மட்டுமாம். வானொலி, இருக்கை உறை, துருப்பிடிக்காமல் அடியில் பூசும் பூச்சு, கொழும்பிலிருந்து கொண்டுவந்த செலவு என்று நான்கு வரிகள் அதற்கு மேலே ஏறியிருந்தன. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன். மறுநாள் கொழும்புக் கடையின் பதிலும் தபாலில் வந்தது. அதே தொகை, அதன் மேல் அதே வகையான வரிகள்.

அன்று மாலை அடுப்படியில் நீங்கள் உட்காரும் பலகையில் உட்கார்ந்துகொண்டு இரண்டு தாள்களையும் பார்த்தேன். இப்படிப்பட்ட கணக்கை நான் முன்பே கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. நீங்கள் சொன்ன மடுவத்துக் கதைதான். அந்த நிறுவைக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு இத்தனை றாத்தல், ஈரத்துக்கு இத்தனை றாத்தல் என்று கணக்கப்பிள்ளை கழிப்பார். ஒரு நாள் கூடைக்குக் கழிப்பது இரண்டு றாத்தலிலிருந்து மூன்றாகியது. மற்றப் பெண்கள் பேசாமல் நின்றார்கள். நீங்கள் மட்டும் கேட்டீர்கள்: "ஏங்கய்யா, நேத்து ரெண்டு றாத்தலா இருந்த கூட, ராத்திரியில குட்டி போட்டுருச்சுங்களா?"

மடுவமே சிரித்ததாம். கணக்கப்பிள்ளையும் சிரித்துவிட்டாராம். ஆனால் அவர் சிரிப்பதை நீங்கள் பார்க்கவில்லை. "மொகத்தப் பாத்தா ஏமாந்துருவோம் தம்பி. தராசு முள்ளத்தான் பாக்கணும்" என்றீர்கள். நான் சுந்தரத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல முகம் அது.

இரண்டாம் முறை கண்டிக்குப் புறப்பட்டபோது என் தோல்பையின் பூட்டு திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் உங்கள் சந்தைப் பை தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் போனபின் அதை யாரும் எடுக்கவில்லை. தாள்களை அதில் போட்டு எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தபோது, அடியில் காய்ந்துபோன கறிவேப்பிலை இரண்டு கிடந்ததைக் கண்டேன். அவற்றை எறியவில்லை.

சுந்தரம் புதிய தாளொன்றை வைத்தார். இப்போது ஆறு வரிகள். நான் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆவணம் தயாரிக்கும் கட்டணம் என்று போட்டிருக்கிறீர்களே, யார் தயாரிப்பது?"

"நாங்கதான் சேர்."

"பதினெட்டு வருடங்களாக எனக்கு அதுதான் வேலை. நானே எழுதிக்கொள்கிறேன். இது கொழும்பிலிருந்து கொண்டுவந்த செலவு. சரி. கொழும்புக் கடையும் இதையே போட்டிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து கொழும்புக்கு எப்படிக் கொண்டுபோனார்கள்?"

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக் குனிந்து பார்த்தார். அப்போது என் வாயிலிருந்து, சத்தியமாக என்னுடையதல்லாத குரலில், ஒரு கேள்வி வந்தது.

"போன முறை நாலு வரி இருந்தது. இன்றைக்கு ஆறு. ராத்திரியில குட்டி போட்டுச்சா?"

சுந்தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "எங்கம்மாவும் மடுவத்துல இப்புடித்தான் சேர் வாய் குடுப்பாங்க. அதுக்காகவே அவங்க கூடையக் கடைசியிலதான் நிறுப்பாங்க" என்றார். தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சிங்களத்தில் நீண்ட நேரம் பேச்சு நடந்தது. திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை. "மொதலாளி ஒத்துக்கல சேர். ரெண்டு வரி வேணும்னா எடுக்கலாமாம். மத்ததெல்லாம் அப்படியேதானாம்."

எடுத்த இரண்டு வரிகள் போதாது. எனக்கு இன்னும் ஐயாயிரம் குறைந்தது. எழுந்து, நன்றி சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் நிலையம்வரை நடந்ததில் கண்டி நண்பருக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் பந்தி மனதில் தயாராகிவிட்டது. 'தாங்கள் அன்புடன் தர முன்வந்த அறையை ஏற்றுக்கொள்கிறேன்.' ஹட்டன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அந்த வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் இரண்டாம் வாக்கியம் வரவில்லை. வீட்டை யாரிடம் ஒப்படைப்பது? உங்கள் பலகையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

பஸ் புறப்படும் நேரத்தில் வாசலில் சுந்தரம் மூச்சு வாங்க நின்றார். கையில் உங்கள் பை.

"சேர்! பைய வச்சிட்டு வந்துட்டீங்களே!"

நான் உண்மையாகவே மறந்துவிட்டிருந்தேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க பெரிய ஆளு சேர். மேசையில பையப் பாத்துட்டு மொதலாளி சொல்றாரு, நெசமாப் போற ஆளு பைய வச்சிட்டுப் போக மாட்டாரு, வேணும்னுதான் வச்சிட்டுப் போயிருக்காரு, கொழும்புக் கடைக்குப் போறதுக்குள்ள கூப்புடு அப்புடின்னு. உங்க வெலைக்கே எல்லாம் சேத்துத் தாறாராம். ரேடியோ மட்டும் இல்ல."

உங்களுக்கு நினைவிருக்கும், அக்கா. ஞாயிற்றுச் சந்தையில் போஞ்சிக்காரச் செல்லையாவிடம் நீங்கள் செய்ததை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

"காலையிலதான் நுவரெலியாவுலேருந்து வந்துச்சு அக்கா."

"நடந்தா வந்துச்சு? இப்புடி வாடிக் கெடக்கு. இந்தா பை. வச்சிரு, மீன் பாத்துட்டு வாரேன்."

வெறும் பையை அவர் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போவீர்கள். நீங்கள் வரும்போது பை நிறைந்திருக்கும், விலை இறங்கியிருக்கும். ஏன் பையை விட்டுப் போகிறீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். "கொண்டு போனா, போயிட்டேன்னு அர்த்தம். வச்சிட்டுப் போனா, வருவேன்னு அர்த்தம். வாற ஆளுக்குத்தான் தம்பி வெலையக் கொறைப்பான்" என்றீர்கள்.

நான் சுந்தரத்திடம் பொய் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. மௌனம் வாக்குமூலம் ஆகாது. நடத்துநர்தான் பொறுமை இழந்து, "ஐயா வாறீங்களா, எறங்குறீங்களா? ஒண்ணு சொல்லுங்க" என்றார். இறங்கினேன். கடையில் முதலாளி என் கையைப் பிடித்து, "ஹரி மாத்தயா, ஹரி" என்று சிங்களத்தில் 'சரி ஐயா, சரி' சொல்லித் தோற்றவரைப் போலச் சிரித்தார். அவர் உங்களிடம் தோற்றார் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லத்தான் ஓடி வர வேண்டும் போலிருந்தது.

நான் இன்னும் ஓட்டப் பழகவில்லை; காரைக் கொண்டுவரத் தோட்டத்து லொறி ஓட்டும் செபமாலையை அழைத்திருந்தேன். "ஐயா முன்னுக்கா, பின்னுக்கா?" என்று கேட்டார். கார் வாங்கினால் முன் இருக்கை உங்களுக்கு என்று எப்போதோ எழுதாமல் ஒப்பந்தமாகிவிட்டதே. பின்னால் உட்கார்ந்தேன். பையை அவர் முன் இருக்கையில் வைத்தார். கினிகத்தேனை வளைவில் அது சரிந்தது. செபமாலை ஒரு கையால் அதை நிமிர்த்தி வைத்தார். வானொலி இல்லாத காரில், ஹட்டன்வரை வேறு பேச்சு இல்லை.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் போனபின் சந்தையில் நான் வாய் திறப்பதே இல்லை. திறக்கத் தேவையும் இல்லை. "கேக்கவே வேணாம் ஐயா, அக்கா வெலைக்கே போட்டுட்டேன்" என்று செல்லையா தானாகவே கொடுத்துவிடுகிறார். தலையைக் குனிந்துகொண்டு வாங்கி வருகிறேன். எவரும் என்னோடு பேரம் பேசுவதில்லை. இரக்கப்பட்டுக் கொடுக்கும் போஞ்சியைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவு கடினம் என்று யாரிடம் சொல்வேன்?

கண்டி நண்பருக்கு மறுத்து எழுதிவிட்டேன். நான் இங்கேயே இருப்பேன். வரும் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய், செல்லையாவிடம் போஞ்சி நடந்தா வந்தது என்று கேட்பேன். உங்கள் பையை அவர் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் மீன் கடைக்குப் போவேன். பிறகு வந்து எடுத்துக்கொள்வேன். இது உங்கள் தம்பி எந்த நிபந்தனையும் இடாமல் தரும் வாக்கு.

பையைக் கொண்டு போனால் போய்விட்டதாக அர்த்தம் என்றீர்கள். நீங்கள் அதை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள், அக்கா.

முன் இருக்கையைக் காலியாகவே வைத்திருக்கும்,
உங்கள் தம்பி
சூசை