சுவரோரம் உட்கார்ந்த பிள்ளைகள்

அத்தை,

உன் நைட்டிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இன்று காலை பீரோவிலிருந்து எடுத்தேன். நீலப் பூப்போட்டதன் முதுகுப் பக்கம், உள்ளே, ஒரு மருந்துப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. தினமும் உன் முதுகில் இடம் மாற்றி மாற்றி நான் ஒட்டியவற்றில் ஒன்று. துவைத்தும் போகவில்லை. நைட்டியை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பிள்ளைகளை நீ முதலில் பார்த்தது ஒரு மத்தியானம். உழவர்கரை வீட்டுக் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். நிமிராமலே சொன்னாய்: "செவுத்தோரம் மூணு புள்ளைங்க குந்தினு இருக்குது பாரு. டீ போட்டுக் குடுடி."

சுவரோரம் யாரும் இல்லை. ஆனால் உனக்கு எல்லார் பெயரும் தெரிந்தது. அப்பா சின்ன வயதில் செய்த திருட்டுத்தனம்கூட நினைவிருந்தது. இதை நோய் என்று யார் நினைப்பார்கள்?

அம்மா வேறு மாதிரி நினைத்தாள். உன்னோடு பிறந்து சின்னதிலேயே செத்துப்போன மூன்று பேர்தான், மோட்சம் போகாமல் காத்துக்கிடக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து ஜெபம் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி மாதா கோயிலுக்கு ஓடினாள். "பூசை வைக்கிறேம்மா. நீங்க அவங்கள ஒரு டாக்டர்கிட்டயும் காட்டுங்க" என்றார் சாமியார். அம்மாவுக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. கல்லறைத் திருநாள் வரைக்கும் பூசை, மெழுகுவத்தி, மறுபடியும் பூசை. நீதான் சிரித்தாய். "பூசை வெச்சதும் இன்னும் ரெண்டு வந்துட்டுதுங்கடி. விருந்துன்னு நெனச்சிட்டுதுங்க போல."

அதற்குள் உன் நடை சுருங்கிவிட்டது. தூக்கத்தில் கத்திக்கொண்டே கட்டிலை உதைத்தாய். ஒரு சாயங்காலம் அப்பாவைத் திருடன் என்று நினைத்துத் துடைப்பத்தால் விளாசினாய். பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம். அந்த டாக்டர் உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "வயசாயிட்டா இப்படித்தான். அமைதியா இருக்க மாத்திரை தரேன்."

வயசு. மில்லில் தறிச் சத்தத்தில் உன் காது மந்தமானபோதும் அதைத்தான் சொன்னார்கள். மில்லை மூடிய பிறகு ஓட்டல் துணிகளுக்கு நின்றபடியே இஸ்திரி போட்டு முழங்கால் வீங்கியபோதும் அதேதான். உழைத்துத் தேய்ந்த பொம்பளைக்கு இந்த நாட்டில் வரும் ஒரே வியாதி வயசு. அதற்கு மேல் யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

மாத்திரை போட்ட சில நாளில் நீ மரமாகிப் போனாய். கழுத்து திரும்பவில்லை. எச்சில் முழுங்க முடியவில்லை. பார்க்க வந்தவர்கள், "இப்பத்தான் நல்லா அமைதியா இருக்காங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள். எனக்கு அவர்களை அடிக்க வேண்டும் போல இருந்தது.

அப்பாவிடம் சண்டை போட்டு உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த டாக்டரம்மா சீட்டைப் பார்த்ததும் கேட்டார்: "ஹாலோபெரிடாலா? இத யாரும்மா குடுத்தது? ஒடனே நிறுத்துங்க."

பிறகு நிதானமாகச் சொன்னார். மறதி நோய் என்பது ஒன்றல்ல. அல்சைமரில் பெரும்பாலும் ஞாபகம்தான் முதலில் போகும். மூளையின் ரத்தக்குழாய் அடைத்து வருவது வேறு, அதற்குப் பிரஷரையும் சர்க்கரையையும் பிடித்து வைக்க வேண்டும். உனக்கு வந்தது லூயி பாடி. இல்லாதது கண்ணுக்குத் தெரியும், உடம்பு இறுகும், ஒருநாள் தெளிவு, மறுநாள் குழப்பம். இந்த வகைக்காரர்களுக்கு அந்த அமைதி மாத்திரை விஷம் மாதிரி, உயிரைக்கூட எடுத்துவிடும். "ரிவாஸ்டிக்மின் பட்டை ஒட்டுங்க. கொணமாவாது. ஆனா கொஞ்ச நாளைக்கு உங்க அத்தைய உங்களுக்குத் திருப்பித் தரும்."

தந்தது. சில வாரம் கழித்து, நான் ஊட்டிய கஞ்சியைத் தட்டிவிட்டு, "உப்பு வாங்க காசு இல்லியாடி?" என்றாய். அம்மா அடுப்படியில் நின்று அழுதாள்.

பிள்ளைகள் முழுதாகப் போகவில்லை. எப்போதாவது வந்தார்கள். "அங்க யாருமில்ல அத்த" என்று நான் சாதிப்பேன். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "இல்லன்னு சொல்லாதடி. ஒனக்குத் தெரியலன்னு சொல்லு. இல்லன்னா நான் பைத்தியமாயிடறேன்." அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி வந்து நீ போய்விட்டாய்.

போன வாரம் என்னோடு கடையில் வேலை செய்பவன், தன் அப்பாவுக்குத் தூக்க மாத்திரை வாங்கலாமா என்று கேட்டான். வீட்டுக்குள் ஆடு நிற்கிறது என்கிறாராம். முதலில் எந்த மறதி என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப மறுக்கிறார் என்றான். அரியாங்குப்பத்தில் இருக்கும் அவன் வீட்டுக்கு அவனோடு போனேன்.

பெரியவர் கட்டிலில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். "ஆடு கயித்த அறுத்துனு வந்துட்டுது. எவனும் புடிக்க மாட்டேங்கறான்."

"ஆடெல்லாம் இல்ல நைனா! எத்தினி வாட்டி சொல்றது!" என்று மகன் கத்தினான். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்குத் தெரியல பெரியப்பா. எந்தப் பக்கம் நிக்குது?"

அவர் திரும்பி என்னையே பார்த்தார். கதவோரம் கை காட்டினார். கறுப்பு ஆடு, நெற்றியில் வெள்ளை, சினையாக இருக்கிறது என்றார். அதைப் பற்றி நிறையப் பேசினார். பேசி முடித்து, கிளம்பலாம் என்று, சட்டையை மாட்டிவிடச் சொல்லி மகனிடம் கையை நீட்டினார்.