மாற்றி ஏற்றின மருந்து

மெரிலேண்ட்ஸ்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வினுஷாவுக்கு,

அம்மா எழுதுறன். நானும் அப்பாவும் இஞ்ச நல்ல சுகம், டார்னெய்ட்டில நீயும் மருமகன் தனோஜனும் அப்பிடியே இருக்க அம்மாளாச்சி துணை. அப்பாவின்ர கை ஒப்பரேஷன் நல்லா முடிஞ்சுது எண்டு போனில சொன்னனான்தானே, அண்டைக்கு நடந்த முழுக்கதையையும் சொன்னால் அப்பா பக்கத்தில நிண்டு மாத்திப்போடுவார், அதாலதான் எழுதுறன்.

டயாலிசிஸுக்கு இவ்வளவு காலமும் கழுத்தில போட்ட குழாயாலதான் இரத்தம் எடுத்தவை. பக்கத்துக் கதிரையில இருக்கிற கிருஷ்ணசாமி அங்கிள், அந்தக் குழாயில கிருமி பிடிச்சு ஐசியூவில கிடந்து தப்பினவர், அதைக் கண்டதில இருந்து எனக்கு நித்திரை இல்லை. அப்பாவின்ர நரம்பு மெல்லிசு எண்டு கைக்குள்ள செயற்கைக் குழாய் வைக்க முடிவெடுத்தவை. வெளிச்சாமான் உள்ளுக்குப் போறதால, கிருமி பிடியாமலுக்கு வெட்ட முதலே அன்ரிபயோட்டிக் ஏத்துவினமாம். அண்டைக்கு மருந்தோட வந்த நேர்ஸ் வைதேகி தமிழ்நாட்டுப் பிள்ளை. அங்கிள், எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்காம போயிருக்கா எண்டு கேட்டா. அப்பா கெதியா முடிஞ்சால் காணும் எண்ட அவசரத்தில ஒண்டும் இல்லை எண்டிட்டார். நாங்கள் கலியாணம் முடிச்ச புதுசில, யாழ்ப்பாணத்தில பல்லு வீக்கத்துக்குப் பெனிசிலின் ஊசி போட்டு, முகமெல்லாம் வீங்கி மூச்சு எடுக்க ஏலாமல் விழுந்தவர். நான் அதைச் சொல்ல, அது பழைய கதை, உனக்கு எல்லாத்துக்கும் பயம் எண்டு என்னில பாய்ஞ்சார். அந்தப் பிள்ளை மருந்தை அப்பிடியே வைச்சிட்டுப் போய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தா. போட இருந்ததும் பெனிசிலினுக்குச் சொந்தக்கார மருந்துதானாம், வேற மருந்து மாத்தினவை. அதை மெதுவாத்தான் ஏத்த வேணுமாம், ஒப்பரேஷன் மத்தியானத்துக்குப் பிந்திப்போச்சு. பசியோட கிடந்த அப்பா என்னோட கதைக்கேல்லை, வைதேகிதான் என்ர கையைப் பிடிச்சு, நல்லவேளை சொன்னீங்க ஆன்ட்டி எண்டா. அந்தப் பிள்ளை நல்லா இருக்கவேணும், நான் விளக்கேத்தேக்க அவவுக்கும் சேர்த்துத்தான் கும்பிடுறன்.

இப்ப காயம் காய்ஞ்சிட்டுது, காய்ச்சலும் இல்லை, கையாலயே டயாலிசிஸ் ஒழுங்கா ஓடுது. கழுத்துக் குழாயைப் போன கிழமை எடுத்துப்போட்டினம். தண்ணி படக்கூடாதெண்டு இவ்வளவு மாதமும் ஈரத்துணியாலதான் துடைச்சு விட்டனான். நேற்று மனுசன் ஆசைதீர தலையில தண்ணி ஊத்தி முழுகினார், உள்ளுக்க தேவாரம் வேற. நான் குசினியில அடுப்பை நிப்பாட்டிப்போட்டு நிண்டு கேட்டனான், கண்ணால தண்ணி ஓடினது.

நீ வெறும் வயித்தோட வேலைக்குப் போகாதை. அப்பா போன் எடுத்தால் இதைப்பற்றி ஏசாதை, பாவம். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நோய்நொடியும் அண்டாமல் கடவுள் காக்கட்டும்.

என்றும் உன்ர நினைவோட,
அம்மா யோகராணி