ஈ முட்டைக்காகப் போனவள்

பெங்களூரு
9.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மைதிலி எழுதுவது. போனில் பேசினால் இரண்டாம் நிமிடமே சண்டையாகிவிடுகிறது, அதனால் கடிதம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

"அந்த ஈ முட்டையில அப்படி என்னதான் இருக்குது?" என்று கத்தினீர்களே, சொல்கிறேன். பழ ஈயின் முட்டை உருவாகும்போதே தாய் அதற்குள் ஆர்.என்.ஏ. என்னும் செய்திகளை வைத்துவிடுகிறது. அவற்றில் ஒன்று முட்டையின் பின்முனைக்குப் போன பிறகுதான் புரதமாக மாற வேண்டும். இடம் தவறி மாறினால் தலை வர வேண்டிய பக்கமும் வாலாகிவிடும். வழியில் மாறவிடாமல் அதை அடக்கி வைக்கும் ஒரு புரதத்தைத்தான் ஆராய்கிறேன். அந்தப் புரதத்தை நீக்கினால் செய்தி கண்ட இடத்தில் மாற வேண்டும். எனக்கோ பின்முனையில்கூட மாறவில்லை. "ஈ இருக்கற குழாயை மாத்தி வெச்சிருப்பே" என்கிறார் என் வழிகாட்டி அறிவு சார்.

இன்னொரு தடவை செய்கிறேன். அதுவும் தவறினால், நீங்கள் இரண்டு வருடமாகக் கேட்பதுபோல் உங்களோடு குடும்பம் நடத்த ஊருக்கே வந்துவிடுகிறேன்.

மைதிலி

மோகனூர்
16.6.2025

அன்புள்ள மைதிலிக்கு,

கடைசி வரியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "அழுதுட்டு வர்றவள வெச்சுக்கிட்டு என்ன சாமி பண்ணப் போறே?" என்றார். அவர் சொன்னது சரிதான்.

நம் கோழிப் பண்ணையில் பெட்டி நிறைய இருந்த தடுப்பூசிக் குப்பிகளில் தேதி முடிந்த ஒன்றைக் கண்டுபிடித்தவள் நீ. குழாயை மாற்றி வைத்திருக்க மாட்டாய். அவரிடம் நேராகவே சொல். தோற்றுப்போய் வராதே.

நந்தகுமார்

பெங்களூரு
4.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

"நான் மாத்தலீங்க சார்" என்று சொல்லியே விட்டேன். எது எதென்று எனக்குத் தெரியாமல் அவரே குழாய்களுக்கு எண் போட்டுக் கொடுத்தார். அதே முடிவு! பிறகு புரதத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்றிப் பார்த்தேன். வழியில் செய்தியை அடக்கியது; பின்முனையில்தான் அதை எழுப்பிப் புரதமாக்க முடியவில்லை. அடக்குவதும் எழுப்புவதும் ஒரே புரதம்தான், மாமா. "நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார் சார்.

ஆனால் இதை முடிக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆகும். காத்திருங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

மைதிலி

மோகனூர்
10.9.2025

அன்பு மைதிலி,

உன்னை வா வா என்றேனே தவிர, இந்த இரண்டு வருடத்தில் நான் ஒரு தடவையும் அங்கே வரவில்லை. பண்ணையை விட்டு நகர முடியாது என்பேன். நேற்றுப் பக்கத்துப் பண்ணை சிவக்குமாரிடம் கேட்டேன். "ரெண்டு நாளுதானுங்களே, நான் பாத்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான். இத்தனை நாள் நான் கேட்கவே இல்லை.

இருபதாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். இனி மாதம் இரண்டு தடவை வருவேன். அம்மாவும் இப்போதே பை எடுத்து வைத்துவிட்டார்: "அந்த ஈய நானும் ஒருக்கா பாக்கோணும்."

உன் அறையில் அடுப்பு இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. இருந்தால் எழுது, நாட்டுக்கோழி கொண்டு வருகிறேன். இல்லாவிட்டால் அடுப்பையும் சேர்த்துக் கொண்டு வருகிறேன்.

உன்
நந்தகுமார்