காலி டப்பாவின் வகை

9 ஜூலை 2006

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாகச் சோலைமலை அண்ணாச்சியிடம். அவர்தான் எங்கள் தெருவுக்கு லோடு இறக்குகிறவர். பட்டாசுக் கம்பெனிக்குள் செய்ய வேண்டிய வேலையை வீட்டில் வைத்துச் செய்கிறோம். வெளியே தெரியக் கூடாது. அம்மாவும் எதிர்வீட்டு இருளம்மாள் அத்தையும் காகிதக் குழாயில் வெடிமருந்து அடைக்கிறார்கள். மருந்து இருக்கும் வீட்டில் சிம்னி விளக்குப் பொருத்த முடியாது. தெருவிளக்கு ஜன்னல் வழியாக விழும் இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

14 ஜூலை

குழாய் உருட்ட வந்த கழிவுத்தாளில் ஒரு புத்தகத்தின் பதினாறு பக்கம் இருந்தது. அச்சகத்தில் மை இழுவிப்போன தாள். இங்கிலீஷ். ஏதோ ஒரு கம்ப்யூட்டர் மொழி. பன்னிரண்டாம் வகுப்பில் நாங்கள் படிக்கும் மொழி மாதிரி இல்லை. இதில் எது எண், எது எழுத்து என்று நாம் எழுதிக் கொடுக்க வேண்டாம். சரிபார்ப்பான் என்று ஒன்று, நிரல் ஓடுவதற்கு முன்பே படித்துப் பார்த்து, ஒவ்வொன்றும் என்ன வகை என்று தானே கண்டுபிடிக்கிறது.

அந்தத் தாளைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன். மீதிப் புத்தகம் வெடிக்குள் போய்விட்டது.

22 ஜூலை

அகராதியும் நானுமாக எட்டு நாள். புரிந்துவிட்டது!

வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கும் ஒரு சார்பு, அதாவது ஃபங்ஷன். அதற்குப் பெயர் வைத்ததும் சரிபார்ப்பான் பார்க்கிறது: இது எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று உள்ளே எதுவும் சொல்கிறதா? இல்லை. வெளியே வேறு எதோடாவது பிணைந்திருக்கிறதா? இல்லை. சரி, அப்படியென்றால் இது எல்லா வகைக்கும் பொது. அம்மாவின் அளவுகோல் மாதிரி. குழாயும் அளக்கலாம், சட்டைத்துணியும் அளக்கலாம். அளந்தது எதுவும் கோலில் தங்காது.

ஆனால் எண்ணையோ எழுத்தையோ பின்னால் போட்டு வைக்கிற காலிப் பெட்டியை மட்டும் பொதுவாக்க மாட்டேன் என்கிறது. ஏன்? காலிதானே?

2 ஆகஸ்ட்

தீபாவளி சீசன் ஆர்டர். அண்ணாச்சி இரண்டு விதமான மருந்து கொண்டுவந்தார். வீட்டுக்கு ஒரே தகர டப்பா. காலையில் ஒன்று, அது தீர்ந்ததும் அதே டப்பாவில் மற்றது.

"ரெண்டும் ஒரே டப்பாவிலயா அண்ணாச்சி?"

"காலி டப்பாதான பிள்ள. காலிக்கு என்ன சாதியா குலமா?"

அம்மாகூடச் சிரித்தாள். நான் டப்பாவைப் பார்த்தேன். அடி மடிப்பில் காலை மருந்து சாம்பல் மாதிரி ஒட்டியிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. பெட்டி ஒன்றுதான். போடுகிறவனும் எடுக்கிறவனும் வேறு வேறு நேரத்தில் வருகிறார்கள். 'எதற்கும் ஆகும்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஒருவன் எண்ணைப் போடுவான், இன்னொருவன் எழுத்து என்று நம்பி எடுப்பான். இருவர் மேலும் தப்பில்லை. நிரல் சாகும். அதனால் சரிபார்ப்பான் வகையை முடிவு செய்யாமல் வைத்திருக்கிறது. முதலில் எது விழுகிறதோ, கடைசிவரை அதுதான்.

நிரல் செத்தால் மறுபடி ஓட்டலாம். போன சீசனில் இப்படி இரண்டு மருந்து உரசித்தான் எங்கள் தெரு மூக்கம்மாள் அக்காவுக்கு மூன்று விரல் போனது.

3 ஆகஸ்ட்

டப்பாவைக் கழுவாமல் மற்ற மருந்தைப் போடக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன்.

"கம்ப்யூட்டர்ல டப்பா களுவத்தான் சொல்லிக் குடுக்காகளாக்கும்?" அப்புறம் குரலைத் தணித்தாள். "வாயத் தொறந்த, வேல போயிரும். நீயும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம்."

பயமாகத்தான் இருக்கிறது. பயந்தவள் சும்மா இருக்க வேண்டும் என்று அந்தப் பதினாறு பக்கத்தில் எங்கேயும் போடவில்லை.

5 ஆகஸ்ட்

செய்துவிட்டேன். டப்பாவைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவி, அடிகுழாய்க் கல்லில் வைத்து, ஆணியால் அடியில் ஓட்டை போட்டேன். இரண்டு பிளாஸ்டிக் டப்பா தேடி எடுத்து, நெயில் பாலிஷால் ஒன்றில் சிவப்புக் கோடு, மற்றதில் ஊதாக் கோடு.

"எவ ஓட்ட போட்டது?" அண்ணாச்சி.

"நாந்தான்."

"திமிரா?"

"ஆமா, திமிருதான். ரெண்டு மருந்துக்கு ரெண்டு டப்பா குடுங்க. மொதல்ல எதப் போட்டீகளோ, கடைசி வரைக்கும் அதத்தான் போடணும்."

"நாளையிலருந்து இந்த வீட்டுக்கு லோடு கெடையாது வள்ளித்தாயி. மகள வச்சு அழகு பாத்துக்கோ."

அவர் போனதும் அம்மா அறைந்தாள். காது இன்னும் கூவுகிறது.

9 ஆகஸ்ட்

நாலு நாளாக வேலை இல்லை.  என் பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்குகிறது. எதிரே இருளம்மாள் அத்தை அதே ஒற்றை டப்பாவைத் தரையில் தட்டித் தட்டிக் காலி செய்கிறாள். எத்தனை தட்டு என்று எண்ணுகிறேன்.

10 ஆகஸ்ட்

வருத்தப்படவில்லை. எழுதி வைக்கிறேன், வருத்தப்படவில்லை.

12 ஆகஸ்ட்

மத்தியானம் அத்தை வீட்டில் டப்பா சீறியது. இரண்டாவது மருந்தை அப்போதுதான் கொட்டத் தொடங்கியிருக்கிறாள். உடனே டப்பாவைத் தெருவில் வீசிவிட்டாள். முந்தானை கருகி, முழங்கை கொப்பளித்துவிட்டது. உயிர் இருக்கிறது. அண்ணாச்சி ஓடிவந்து, "சத்தம் போடாதீக, சத்தம் போடாதீக" என்றார். 

அம்மா அத்தையின் கைக்குக் களிம்பு போட்டுவிட்டு வந்தாள். என் பையை ஆணியிலிருந்து எடுத்தாள், தூசி தட்டினாள், என் தலைமாட்டில் வைத்தாள். 

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அண்ணாச்சியா? வரட்டும். இந்த நோட்டை இன்றைக்கு ஒளிக்கப் போவதில்லை.

இல்லை, நிறையப் பேர். டப்பாக்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம். அத்தை குரல்: "ஓவியா, அந்தச் செவப்பு நெயில் பாலிசு மிச்சம் இருக்காத்தா—"