ஆண் எலிகளின் மருந்து

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். என்னைத்தான் யாரென்று தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தின் மறதி நோய் மருந்தை அம்மாவுக்குக் கொடுத்துப் பார்க்க, மூத்த மகன் கையெழுத்துப் போட்டால் போதும் என்று பேராசிரியர் உனக்குப் போன் செய்தாராமே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? நானும் அதே இடத்தில்தான் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன்.

அந்த மருந்தைக் குடித்த எலிகளைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டு, மூழ்கியிருக்கும் மேடையை மறக்காமல் கண்டுபிடிக்கின்றனவா என்று பார்த்தவள் நான். அத்தனையும் ஆண் எலிகள். பெண் எலிகள் பக்கத்து அறையில் குட்டி போட மட்டும்தான். ஏன் சார் என்றால், "அதுங்களுக்கு ஹார்மோன் ஏறி இறங்கும்மா, கணக்கு குழம்பிடும்" என்கிறார். ஆண் எலிகள் ஒரே கூண்டில் ஒன்றையொன்று கடித்துக் குதறுகின்றன. தோற்றது தீனிகூடத் தின்னாமல் மூலையில் சுருண்டு கிடக்கிறது. அதனால் மட்டும் கணக்கு குழம்பாதாம்!

வயிற்றெரிச்சலைக் கேள். இந்த நோய் பெண்களுக்கே அதிகம் வருகிறது என்பதுதான் அவர் கட்டுரையின் முதல் வரி. ஆய்வுக்கூடக் கூட்டத்தில் எல்லோர் முன்னும், அப்படியென்றால் பெண் எலிகளுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "சொந்த விஷயத்தை இங்க கொண்டு வராதீங்க" என்றார். ஆமாம், சொந்த விஷயம்தான். பெற்ற தாய் விஷயம் பின்னே யார் விஷயம்?

கட்டுரையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். வேலை நிலைக்குமா என்று தெரியவில்லை. அது கிடக்கட்டும்.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அண்ணா. அம்மா பழையபடி ஆக வேண்டும் என்று எனக்கு மட்டும் ஆசையில்லையா? முதலில் பெண் எலிகளுக்குக் கொடுக்கட்டும். பலிக்கிறதா, எந்த அளவு தாங்கும், என்ன தொந்தரவு வரும் என்று பார்க்கட்டும். அது சரியாக இருந்தால், நானே அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிப் போகிறேன்.

நேற்று அவளுக்குத் தலை வாரிவிட்டேன். "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா? உங்கம்மா குடுத்து வச்சவ" என்றாள்.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், கையெழுத்துப் போட்டுவிடாதே. அவர்கள் சோதிக்காமல் விட்ட பெண் எலி நம் அம்மாவாக இருக்க வேண்டாம்.

அம்மாவின் மகள்,
உன் தங்கை