புலிக்காய்ச்சல்

கும்மிடிப்பூண்டி
12.1.1969

அன்புள்ள அம்மாவுக்கு சம்பூர்ணத்தின் நமஸ்காரம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் சௌக்கியம். எனக்குக் காய்ச்சல் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

சாரணியர் பெண்கள் பதினொரு பேரை மூன்று நாள் மலைநடைக்கு அழைத்துப் போகிறேன் அல்லவா? சோற்றை வழியில் வடித்துக்கொள்ளலாம், கெடாத குழம்புக்கு எங்கே போவது என்று கவலையாக இருந்தது. உன் ஜாடி வந்ததும் பள்ளிக்கூட ஆயா பச்சையம்மாவிடம், "அப்பாடா, புளிக்காய்ச்சல் வந்துவிட்டது" என்றேன். அவள் காதில் 'ள'வும் 'ல'வும் ஒன்றுதான். நேரே தலைமையாசிரியையிடம் ஓடி, "டீச்சருக்குப் புலிக்காய்ச்சல் வந்துகீதும்மா! பொண்ணுங்களுக்கும் ஒட்டிக்கினா இன்னா பண்றது?" என்று அழுதிருக்கிறாள். பயணம் ரத்தாகிவிட்டது.

ஜாடியைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் திறந்து வைத்தேன். "தண்ணீர் சுண்டும்வரை நல்லெண்ணெயில் காய்ச்சியது, பத்து நாளானாலும் கெடாது" என்றேன். அவர் விரலால் தொட்டு ருசி பார்த்துவிட்டு, "இந்தக் காய்ச்சல் எனக்கும் கொஞ்சம் வரட்டும், போய் வாருங்கள்" என்றார்.

அறைக்குத் திரும்பினால் வாசலில் பச்சையம்மா, கையில் மிளகுக் கஞ்சியோடு. விஷயத்தைச் சொன்னதும், "இன்னா டீச்சர், திங்கற பொருளுக்கு இப்டியா பேர் வெப்பாங்க? நான் பேஜாராப் பூட்டேன்!" என்று திட்டினாள். கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தேன். நாலு வருஷத்தில் இந்த அறைக்கு எனக்கென்று யாரும் சூடாக எதையும் கொண்டுவந்ததில்லை.

இன்னொரு ஜாடி அனுப்பு, வாயில் துணி கட்டி. பாதி பச்சையம்மாவுக்கு. மேலே 'தொக்கு' என்று மட்டும் எழுது.

பெண்கள் வாசலில் கூப்பிடுகிறார்கள், கிளம்புகிறேன்.

சம்பூர்ணம்